முட்டை ரூமில் இரண்டு கிதார்

புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே, நாமக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த சின்னண்ணன் பண்ணையில் மாப்பிள்ளை ராசப்பனுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மாமனாருக்கு முன்னால் அவனுக்குத்தான் இலை விழும். ஆள்காரர்கள் எதிரில் சின்னண்ணன் அவனை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை, "மாப்ளைங்க" என்பார். ஆனால் அந்தப் பண்ணையில் இருந்த எந்தப் பூட்டுக்கும் அவனிடம் சாவி கிடையாது. தீவன ரூம், முட்டை ரூம், இரும்புப் பெட்டி, வெளிக்கேட்டு எல்லாச் சாவியும் ஒரே கொத்தாக மாமனாரின் அரைஞாண் கயிற்றில் தொங்கின. அவர் எங்கே நிற்கிறார் என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம் கல்யாணம். வசந்தாமணி ஒரே பெண். தாய் இல்லாமல் வளர்ந்தவள். சோளமும் கடலையும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காட்டில், அந்தச் சுற்று வட்டாரத்தில் முதல் ஆளாக வெள்ளைக்கோழி வளர்க்கத் துணிந்தவர் சின்னண்ணன். பெண்ணைக் கட்டுகிறவன் வந்து கூடவே இருக்கவேண்டும் என்பது ஒன்றைத்தான் அவர் கேட்டார். ராசப்பன் இளம்பிள்ளைப் பக்கம் ஒரு மானாவாரிக் குடும்பத்தில் மூன்றாவது பையன். சேலத்தில் ரூம் எடுத்துத் தங்கி பி.யூ.சி. படித்து, தேறாமல் ஊர் திரும்பியிருந்தான். அண்ணன்மார் யோசிக்கவே இல்லை. "ராசாவாட்டம் இருப்படா," என்று பெரியவன் முதுகில் தட்டி அனுப்பிவைத்தான்.

கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விடிவதற்கு முன்னால் தண்ணீர், அப்புறம் தீவனம், அப்புறம் முட்டை பொறுக்குவது, மறுபடியும் தீவனம், மறுபடியும் முட்டை, பொழுது இறங்கினால் பல்பு போடுவது. உறவில் கல்யாணமோ எழவோ, காலையில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிட வேண்டும். மாமனார் எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். "போயிட்டு வாங்க மாப்ளைங்க. ஆனா நீங்க இல்லீன்னா கோழி தீவனமே சரியா எடுக்கறதில்லீங்க," என்பார். திட்டினால் திருப்பிப் பேசலாம். இதற்கு என்ன பதில் சொல்வது? ராசப்பன் தன் சொந்த அப்பா செத்தபோதுகூட மூன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு திரும்பி வந்து தீவன வாளியைத் தூக்கினான்.

அவனுக்குக் கிதார்ப் பைத்தியம் பிடித்தது சேலத்தில், சூரமங்கலத்தில். ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். சுவர் கூரைவரை போகவில்லை. ஒரு பக்கம் ராசப்பனும் அவன் புத்தகங்களும். மறுபக்கம் ஹெக்டர் என்ற ஆங்கிலோ-இந்தியர், ரிட்டையரான ரயில் டிரைவர்; அவர் மனைவி டோரீன். பொழுது சாய்ந்ததும் ஹெக்டர் கிதாரை எடுப்பார். சினிமாவில் கேட்ட கிதார் இல்லை அது. அவருடைய கட்டைவிரல் தடித்த கம்பிகளில் ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கும், நிறுத்தி வைத்த லாரியில் எஞ்சின் ஓடுகிற மாதிரி. அதற்கு மேலே மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் ஏதோ கேட்கும். பதில் வராது. மறுபடியும் அதையே கேட்கும். பாடினால் ஒரு வரியைப் பாடி, அதே வரியைத் திரும்பப் பாடி, மூன்றாவது வரியில்தான் விஷயத்துக்கு வருவார். ராசப்பனுக்கு வார்த்தை பிடிபடாது. ஆனால் எங்கோ மாட்டிக்கொண்ட ஆள் ஒருத்தன், கத்தாமல், யாரையும் குற்றம் சொல்லாமல், நடந்ததைச் சொல்கிறான் என்பது மட்டும் விளங்கிற்று. பாடம் படிக்க உட்கார்ந்தவன் சுவரில் தலையைச் சாய்த்து அதைக் கேட்டே ஒரு வருஷப் படிப்புக்கு இரண்டு வருஷத்தைக் கழித்தான்.

ஒருநாள் குழாயடியில் துணிந்து கேட்டான்: "அது என்ன பாட்டுங்க?"

"ப்ளூஸ்."

"நீலமுங்களா?"

ஹெக்டர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆமா மேன். மனசுக்கு ஜுரம் வந்தா வர்ற கலர்." யுத்தகாலத்தில் அவர் அஸ்ஸாம் பக்கம் வண்டி ஓட்டினாராம். ரோடு போட வந்த அமெரிக்கப் பட்டாளத்தில் ஒரு கறுப்பர், ஊரில் பருத்திக் காட்டில் வேலை செய்தவர், சிநேகமானாராம். கப்பல் ஏறும்போது இந்தக் கிதாரைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அவ்வளவுதான் ஹெக்டர் சொன்னது. அதற்கப்புறம் பரீட்சை வந்தது, ரிசல்ட் வந்தது, கல்யாணம் வந்தது.

கல்யாணமான மறு வருஷம் தீபாவளிக்கு, "மாப்ளைங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்குங்க" என்று சின்னண்ணன் சேலத்துக்கு அனுப்பினார். ராசப்பன் துணிக்கடைக்குப் போகாமல் ஒரு புதுக் கிதாரோடு வந்து இறங்கினான். மாமனார் முகம் சுளிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கோழிக் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து அவன் முதல் அடி அடித்ததும், உள்ளே இருந்த அத்தனை கோழிகளும் மிரண்டுபோய் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அடியில் சிக்கியதில் நிறைய மூச்சுமுட்டிச் செத்தன. சின்னண்ணன் ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தார். வைத்து முடித்துவிட்டு, "வாசிங்க மாப்ளைங்க, யாரு வேண்டாம்னா? கோழிக்கு மட்டும் ஆவாதுங்க," என்றார்.

அப்புறம் அவன் கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் போனான். கரண்ட் இல்லாத நேரம்தான் அங்கே உட்கார முடியும். நான்கு சுவருக்குள் எண்ணெய் வாடையில், பார்த்து அறியாத விரல்களின் சத்தத்தை நினைவிலிருந்து தோண்டித் தோண்டி எடுத்தான். கட்டைவிரல் மட்டும் நாளடைவில் வசப்பட்டது. ஆனால் அந்தக் கிதார் ஒட்டுப்பலகையில் செய்தது. ஒரு கோடையில் கழுத்து வளைந்தது. மோட்டார் ரூம் ஈரத்தில் வயிறு உப்பிற்று. கம்பியை அமுக்கினால் விரல் அறுந்தது. தட்டினால் தகர டப்பா சத்தம். சத்தம் எப்படி இருக்கவேண்டும் என்று தெரிந்திருந்ததுதான் அவனுக்கு வேதனை. தெரியாதவனாக இருந்தால் அதையே சந்தோஷமாக வாசித்திருப்பான்.

அதற்குள் கமலவேணி பிறந்தாள். கொட்டகை ஒன்று இரண்டாயிற்று. சனிக்கிழமைதோறும் ராசப்பன் ஜீப்பில் முட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வரும் வேலை வந்தது. மத்தியானத் தீவனத்துக்குள் திரும்பியாக வேண்டும். அந்த நேரத்துக்குள், ஜீப் ஓட்டும்போது, தான் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிற மாதிரி அவனுக்கு இருக்கும்.

எழுபத்தெட்டு கடைசியில், கிறிஸ்துமஸுக்கு அப்புறம், சூரமங்கலத்தில் ஒரு பேக்கரியில் முட்டை அட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது டோரீனைப் பார்த்தான். இளைத்துப் போயிருந்தார். ஹெக்டர் போன வருஷம் இறந்துவிட்டாராம். மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாளாம். தானும் அங்கேயே போகிறாராம்.

ராசப்பனுக்கு ஆறுதல் சொல்லத்தான் வாய் திறந்தது. வந்தது வேறு. "அந்தக் கிதார் இருக்குதுங்களா?"

டோரீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டூடண்ட்தானே நீ? வா."

பழைய ஓட்டு வீடு அப்படியே இருந்தது, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி உள்பட. கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கியது கிதார். இத்தனை வருஷம் சத்தத்தை மட்டும் கேட்டவன் முதல் தடவையாக அதை முழுசாகப் பார்த்தான். நினைத்ததைவிடச் சின்னது. இடுப்பு ஒடுங்கி, கருப்பட்டி நிறத்தில் இருந்தது. முழங்கை படிகிற இடத்தில் மட்டும் பாலிஷ் தேய்ந்து மரம் வெளுத்துக் கிடந்தது. அது ஹெக்டரின் கை மட்டுமில்லை, அவருக்கு முன்னால் இருந்தவருடைய கையும்தான் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. எடுத்தான். கனமே இல்லை. ஜீப்பிலிருந்து டார்ச்சைக் கொண்டுவந்து, முட்டையை வெளிச்சத்தில் பார்க்கிற மாதிரி, கிதாரின் வட்ட வாய்க்குள் அடித்துப் பார்த்தான். உள்ளே மெல்லிய குறுக்குச் சட்டங்கள், பசை வழிந்து காய்ந்த தடம், சிலந்தி நூல், சிகாகோ என்று முத்திரை குத்திய எழுத்து. பூட்டியே கிடந்த பீரோவின் வாசம் வந்தது. இது பணக்காரர் வீட்டுச் சாமான் இல்லை, கூலிக்காரன் வாங்குகிற மாதிரி மலிவாகச் செய்தது என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் முழுசும் நல்ல மரம். நாற்பது வருஷம் காய்ந்த மரம். கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினான். சத்தம் இழுபடவில்லை, காய்ந்த சுரைக்குடுக்கையைத் தட்டினது மாதிரி பட்டென்று வந்து, பட்டென்று விழுந்து, அடுத்ததற்கு இடம் விட்டது. இதுதான். சுவரைத் தாண்டி வந்தது இதுதான்.

"வாசி," என்றார் டோரீன்.

வாசித்தான். கண்ணை மூடிக் கேட்டவர், "ஹெக்டர் குடிச்சிருந்தப்பகூட இவ்வளவு மோசமா வாசிச்சதில்ல," என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். "ஆனா கட்டைவிரல் கரெக்டா இருக்கு. எடுத்துட்டுப் போ. விக்கிறதுக்கில்ல இது. வாசிக்கிறவன் கையில நானே குடுக்கணும்னு இருந்தேன்."

இந்த இடத்தில் ராசப்பன் செய்ததை அவனாலேயே பிற்பாடு நம்ப முடியவில்லை. கிதாரைத் திரும்ப ஆணியில் மாட்டினான். "ஊட்ல மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, அடுத்த தடவை வாரேனுங்க."

"அடுத்த தடவைன்னா எப்போ? நான் வியாழக்கிழமை மெட்ராஸ் வண்டி ஏறறேன்."

"அதுக்குள்ள வந்தர்றேனுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக்குள் போனபோது பத்துப் பன்னிரண்டு கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றன. வெள்ளைக்கழிச்சல், கோழிக்கு வருகிற கொள்ளைநோய். மறுநாளுக்குள் இரண்டு கொட்டகையிலும் பரவிவிட்டது. சின்னண்ணன் கேட்டைப் பூட்டினார். வாசலில் சுண்ணாம்புத் தூள் கொட்டினார்கள். பண்ணையிலிருந்து யாரும் வெளியே போகக்கூடாது. போனால் நோய் அடுத்த பண்ணைக்கும் போகும். ராசப்பனும் ஆட்களும் வேலியோரத்தில் குழி தோண்டி, கோழிகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். சின்னண்ணன் குழி விளிம்பில் நின்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, கூடையைக் கவிழ்த்துக்கொண்டே, ராசப்பன் மனசுக்குள் வியாழக்கிழமைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று நினைத்தான். நினைத்ததற்குத் தன்னையே காறித்துப்பிக்கொண்டான். மறுபடியும் நினைத்தான். மாமனாரிடம் கேட்கவில்லை. கேட்டால் போகச் சொல்லியிருப்பார். போயிட்டு வாங்க மாப்ளைங்க என்றுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

விஷயம் வசந்தாமணி ஒருத்திக்குத்தான் தெரியும். சனிக்கிழமையே சொல்லியிருந்தான். அவள் கமலவேணிக்குத் தலை பின்னிக்கொண்டே, "எந்தப் பக்கமுங்க அந்த ஊடு?" என்று மட்டும் கேட்டாள். அவனும் வழி சொன்னான்.

வியாழக்கிழமை காலையில் அவள் பண்ணையில் இல்லை. கோழிகளுக்காக மாரியம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்று அப்பனிடம் சொல்லிக் கேட்டைத் திறக்கச் சொன்னாளாம். அவள் கொட்டகைக்குள் கால் வைக்காதவள் என்பதால் அவரும் திறந்துவிட்டார். மத்தியானமும் வரவில்லை. வெயில் இறங்கும் நேரம், ராசப்பன் குழியடியிலிருந்து கைகால் கழுவ வந்தபோது, பஸ் ரோட்டிலிருந்து வண்டித்தடத்தில் வசந்தாமணி வந்துகொண்டிருந்தாள். தோளில் போர்வையில் சுற்றின ஒரு சாமான். பிள்ளையைத் தூக்கி வருவது மாதிரி ஒரு கையால் அடியில் தாங்கியிருந்தாள். நாமக்கல்லைத் தாண்டித் தனியாகப் போயறியாதவள் அவள்.

சின்னண்ணன் கேட்டருகே நின்றார். "என்ன கண்ணு அது?"

"கிதாருங்கப்பா."

"மாப்ளைக்கா?"

"இல்லீங்கப்பா. எனக்கு."

அவர் மகளைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், தூரத்தில் ஈரக்கையோடு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். மகள் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. அவளும் எதையும் கேட்டது கிடையாது. "கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போனே," என்றார் கடைசியில்.

"பஸ்ஸில போறப்ப கும்பிட்டுக்கிட்டேனுங்க."

"சரி. கால சுண்ணாம்புல வச்சுட்டு உள்ள வா."

வீட்டுக்குள் போனதும் ராசப்பன் கேட்டான்: "மாப்ளைக்குத்தான்னு சொல்லியிருந்தா அவரு என்ன சொல்லியிருப்பாரு? எதுக்குப் பொய்?"

"பொய்யில்லீங்க," என்றாள் வசந்தாமணி. "அந்தம்மா வாசிக்கிறவங்க கையிலதான் குடுப்பேன்னுட்டாங்க. ஊட்டுக்காரர் வரமுடியல, கோழிக்கு நோவு வந்திருச்சுன்னு சொன்னேன். அப்படீன்னா வேண்டாம்னுட்டாங்க. சித்த நேரம் உக்காந்து பாத்தேன். பொறவு நானே வாசிப்பேன்னு சொன்னேன்."

"நீயா?"

"கையில குடுத்தாங்க. எனக்கு விரல் வைக்கத் தெரியாது. ஆனா கட்டைவிரல் தெரியுமுங்க. மூணு வருசமா மோட்டார் ரூம் சுவத்துக்கு இந்தப் பக்கம்தான பாத்திரம் கழுவறேன்? அத மட்டும் அடிச்சேன். அந்தம்மா அழுதுட்டாங்க. சத்தியமா வாசிப்பியான்னாங்க. வாசிப்பேன்னு சொல்லித்தான் வாங்கியாந்தேன்."

ராசப்பனுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது. கூடவே ஒன்று உறுத்தவும் செய்தது. பண்ணை மாமனாருடையது, ஜீப் மாமனாருடையது, உடுத்தின வேட்டி மாமனார் எடுத்துக் கொடுத்தது. தனக்கென்று உலகத்தில் ஒன்று கிடைக்க இருந்தது. அதுவும் இந்த வீட்டுப் பெண்ணின் சொத்தாகத்தான் கேட்டுக்குள் நுழைந்தது. ஆணியிலேயே விட்டுவிட்டு வந்தவன் அவன்தான். யாரைக் குறை சொல்வது?

அந்த வருஷப் பங்குனியில் இன்னொரு விஷயம் நடந்தது. உச்சி வெயில் நேரம் அறைக்குள் படக்கென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கிதாரின் முன்பலகையில் முடி மாதிரி ஒரு வெடிப்பு. ஓட்டு வீட்டுக் குளிர்ச்சியில் இருந்த மரத்துக்கு இந்தக் காட்டு வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கே வைப்பது என்று அவன் அல்லாடினபோது வசந்தாமணிதான் சொன்னாள்: முட்டை ரூம். முட்டை காய்ந்துபோகாமல் இருக்க அந்த அறையைச் சுற்றி நனைத்த சாக்கு கட்டியிருப்பார்கள். வெளியே நெருப்பு அடித்தாலும் உள்ளே சில்லென்று, ஒரே நிதானமாக இருக்கும். சின்னண்ணன் மறுக்கவில்லை. கிதார் முட்டை ரூம் சுவருக்குப் போனது. வெடிப்பு அதற்குமேல் ஓடவில்லை.

ஆனால் முட்டை ரூம் சாவி மாமனார் இடுப்பில் இருந்தது. சாயங்காலம் அவர் வந்து திறப்பார். வசந்தாமணி உள்ளே உட்கார்ந்து முட்டை தரம் பிரிப்பாள். பிரித்து முடிந்ததும் அவர் வந்து பூட்டுவார். அதற்கு நடுவில் கிடைத்ததுதான் ராசப்பனுக்கு. சாவிக்கொத்துச் சத்தம் முற்றத்தில் கேட்கும்போது எந்த வரியில் இருந்தாலும் கம்பிமேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிவிடுவான்.

கொடுத்த வாக்கு என்று வசந்தாமணியும் கற்றுக்கொண்டாள். அவன் வாசிக்கும்போது முட்டை பிரிப்பாள். அப்புறம் அவன் முட்டை பிரிக்க, அவள் வாசிப்பாள். ஒரு வருஷத்தில் ராசப்பன் கவனித்துவிட்டான், அவளுக்குத் தன்னைவிட நன்றாக வருகிறது. அவன் வாசித்தால் பதற்றம் தெரியும். அடுத்த இடத்துக்கு ஓடுவான். அவள் ஒரு இடத்திலேயே நிற்பாள். கட்டைவிரல் அது பாட்டுக்கு நடக்க, மற்ற விரல்கள் சொல்லவேண்டியதை விட்டுவிட்டுச் சும்மா இருக்கும்; அந்தச் சும்மா இருப்பதில்தான் பாட்டே இருந்தது. ஒருநாள் கோழித் தடுப்பூசி மருந்து வந்த சின்னக் கண்ணாடிச் சீசாவைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு கம்பிமேல் இழுத்துப் பார்த்தாள். ஹெக்டர் எதையோ வைத்துக் கம்பியை இப்படித்தான் அழவைப்பார். அது என்னவென்று ராசப்பனுக்குக் கடைசிவரை தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான். பெண்டாட்டிமேல் பொறாமை என்று யாரிடம் சொல்ல முடியும்?

அவளிடமே ஒரு தடவை சொல்லிவிட்டான். "நீ வாசிக்கறப்ப எனக்கு ஆத்தாமையா இருக்குது."

"நீங்க சனிக்கிழமைக்கு சனிக்கிழமை சேலம் போறப்ப எனக்கு இருக்கற மாதிரியா?" என்றாள் அவள், முட்டையிலிருந்து கண் எடுக்காமல்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் முதல்முறையாக அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டான். கமலவேணிக்குத் துணி எடுக்க என்று சின்னண்ணனிடம் சொன்னார்கள். முட்டையைப் போட்டுவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடை வழியாக வந்தபோது வசந்தாமணி அவன் தோளைத் தொட்டாள். ஓட்டை அண்டாவுக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் ஒரு கிதார் கம்பி இல்லாமல் கிடந்தது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்ததாம். இது பெரியது, கனமானது, முதுகில் வரிவரியாக அழகான மரம். ராசப்பன் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். வசந்தாமணி பார்க்கவே இல்லை. இரண்டு முட்டையை ஒன்றோடொன்று தட்டி விரிசல் கண்டுபிடிப்பது அவளுக்குத் தினசரி வேலை. விரல் முட்டியால் பலகையை ஓரத்திலிருந்து நடுவரைக்கும் தட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்றாள். "இங்க உள்ள ஒரு சட்டம் உட்டுப்போயிருக்குதுங்க," என்றாள். வாங்கிக்கொண்டு வந்து, வாய் வழியாகக் கையை விட்டுப் பசை தடவி, முட்டுக்கொடுத்துக் காயவைத்தார்கள். இது நீண்டு முழங்குகிற கிதார். மழைக்கால ராகம் மாதிரி நனைந்த சத்தம். பழையதன் வறண்ட சத்தம் இதற்கு வராது. இதன் நிறைவு அதற்கு வராது. பழையதை வசந்தாமணியிடமே விட்டுவிட்டு ராசப்பன் இதை எடுத்துக்கொண்டான். முட்டை ரூம் சுவரில் இரண்டு ஆணி ஆயிற்று.

எண்பத்து நாலில் சின்னண்ணனுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. கட்டிலோடு ஆனார், பேச்சு குழறிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து படுக்கவைத்த அன்றைக்கு, சரியாக இருந்த கையால் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். ராசப்பன் பக்கத்தில்தான் நின்றான். கை அவனைத் தாண்டிப் போய் மகளிடம் நின்றது.

அன்று முட்டை ரூமில் ராசப்பன் கிதாரைத் தொடவில்லை. "பண்ணைய யாருக்காச்சும் குத்தகைக்கு உட்டுட்டுப் போயிரலாமா?" என்றான். பத்து வருஷமாக வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்த வார்த்தை.

வசந்தாமணி சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள். "எங்க போறதுங்க?" என்றாள். மறுத்துப் பேசவில்லை; நிஜமாகவே கேட்டாள். சொன்னால் வந்தாலும் வந்திருப்பாள்.

ராசப்பன் யோசித்தான். இளம்பிள்ளையில் அண்ணன்மார் பாகம் பிரித்தாயிற்று. சேலத்தில் என்ன இருக்கிறது? பத்து வருஷமும் கேட்டைத் தாண்டுவதைப் பற்றித்தான் நினைத்திருந்தான். தாண்டி எங்கே என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுந்துபோய்ப் பல்பு போட்டான்.

அதற்கப்புறம் பண்ணை சுருங்கவில்லை, பெருத்தது. கூண்டுக் கொட்டகை வந்தது, பேங்க் லோன் வந்தது, முட்டை ஏற்ற லாரியே வாசலுக்கு வந்தது. சனிக்கிழமைச் சேலம் நின்றுபோயிற்று. கணக்கு வழக்கு எல்லாம் வசந்தாமணி. அவள் திறமைசாலியாக இருந்தாள். அதில் அவளுக்கே ஆச்சரியம். முட்டை ரூம் எந்நேரமும் திறந்துதான் கிடந்தது. ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் வாசலில் யாராவது வந்து நின்றார்கள்.

எண்பத்தேழு ஆடியில் சின்னண்ணனைப் பார்க்க உறவுக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். கமலவேணி அப்போது ராசிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தவள் தாத்தாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அவள் போவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பெரியம்மா சொன்னாள்: "இத்தன பெரிய பண்ணைக்கு ஒரே பொண்ணு. இவளுக்கும் ஊட்டோட மாப்ளையாப் பாத்துட்டாப் போச்சு. நம்ம ராசப்பனாட்டம் ஒரு தங்கமான பையன் கெடைக்காமயா போயிருவான்?"

எல்லாரும் சிரித்தார்கள். கட்டிலில் இருந்தவர்கூடத் தலையசைத்தார்.

"வேண்டாமுங்க," என்றான் ராசப்பன்.

சிரிப்பு நின்றது. அவன் குரல் உயரவில்லை. "அந்தப் பேச்சு இந்த ஊட்ல வேண்டாமுங்க. அவ எங்க போகோணுமோ போவா. அவளக் கட்டறவனும் அவனூட்ல இருக்கட்டும். இங்க யாரையும் கொண்டாந்து வைக்க வேண்டாம்."

பதின்மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் அவன் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பெரியம்மா வசந்தாமணியைப் பார்த்தாள், ஏதாவது சொல்லி அவனை அடக்குவாள் என்று. வசந்தாமணி மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு, "அவரு சொல்றதுதானுங்க," என்றாள். கட்டிலிலிருந்து சின்னண்ணன் அவனையே வெகுநேரம் பார்த்தார். கோபமா என்ன என்று கோணிப்போன அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

உறவுக்காரர்கள் போனபின் ராசப்பன் முட்டை ரூமுக்குப் போனான். வசந்தாமணி முன்னாலேயே அங்கே இருந்தாள். ஹெக்டரின் கிதாரை ஆணியிலிருந்து எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு, பெரியதைத் தான் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒன்றாக வாசித்தது அதுவரைக்கும் கிடையாது. ஒருத்தர் முட்டை பிரித்தாக வேண்டுமே. அவன் கட்டைவிரலை ஓட்டினான். அவள் சீசாவை மாட்டிக்கொண்டு, அவசரப்படாமல், ஒரு வரி இழுத்தாள். அதையே மறுபடியும் இழுத்தாள். இந்தத் தடவை அவன் ஓடவில்லை; அவள் நின்ற இடத்தில் தானும் நின்றான்.

மூன்றாவது வரிக்குப் போவதற்குள் கேட்டில் லாரி ஹாரன் அடித்தது. கல்கத்தாவுக்குப் போகிற முட்டை, காத்திருக்காது. இரண்டு கிதாரையும் ஆணியில் மாட்டிவிட்டு, வசந்தாமணி அட்டைகளை எண்ணிக் கொடுக்க, ராசப்பன் தோளில் வாங்கி லோடு ஏற்றப் போனான்.